பி.பி.டி முடித்தவர்கள் விளையாட்டு மசாஜ் பக்கம் போவது எப்படி?

பி.பி.டி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து வெளியே வருகிறவர்களில் விளையாட்டுத் துறைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய. ஆனால் மசாஜ் என்று பேச்செடுத்தால் பாதிப் பேருக்கு முகம் சுண்டிவிடுகிறது. வீட்டில் இன்னும் மோசம். "இவ்வளவு செலவு பண்ணிப் படிக்கவெச்சது கால் பிடிச்சுவிடவா?" என்று கேட்டுவிடுவார்கள்.

இந்தத் தயக்கத்தை முதலில் பேசித் தீர்த்துவிடலாம். கபடி அணியிலோ தடகள முகாமிலோ இருக்கும் வீரர் தன் வலியைப் பயிற்சியாளரிடம் லேசில் சொல்லமாட்டார். சொன்னால் அடுத்த ஆட்டத்தில் உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயம். அதே வீரர் மசாஜ் மேசையில் குப்புறப் படுத்துப் பத்து நிமிடம் ஆனதும், "அண்ணே, அந்த இடத்துல ரெண்டு வாரமா பிடிக்குது" என்பார். உங்கள் கட்டைவிரல் அதற்கு முன்பே அந்த இறுக்கத்தில் நின்றிருக்கும். அங்கிருந்து உங்கள் வேலை மாறுகிறது. அழுத்துவதை நிறுத்துவீர்கள், தசையின் பலத்தைச் சோதிப்பீர்கள், நரம்பு இழுக்கிறதா என்று பார்ப்பீர்கள், இடுப்பைப் பார்ப்பீர்கள். நம் ஊர்களில் நீவிவிடுவதில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கைப்பக்குவத்தில் அவர்கள் நம்மைவிட மேலாகவே இருப்பார்கள். பிசியோதெரபிஸ்ட் கூடுதலாகக் கொண்டுவருவது எங்கே நிறுத்த வேண்டும், யாரைத் தொடவே கூடாது என்ற தெளிவு. அந்தத் தெளிவோடு கையும் பழகிவிட்டால் அணிக்குள் உங்களுக்கு இடம் உண்டு.

1. மைதானத்துக்கு முன் மருத்துவமனை

முதல் வேலை பதிவு. 2021-ல் வந்த தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் பிசியோதெரபி வருகிறது. மாநில மன்றப் பதிவுக்கான சான்றுகளைக் கல்லூரியை விட்டு வரும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் அப்போதே எடுத்துவிடுங்கள். அணிகளோடு பயணம் போகிறவர்களுக்கு அது மிகவும் அவசியம்.

அடுத்து, குறைந்தது ஓராண்டாவது எலும்பு மூட்டுப் பிரிவு நன்றாக நடக்கிற இடத்தில் வேலை பாருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் தோள் அறுவைக்குப் பின் வருகிறவர், முழங்கால் ஜவ்வு கிழிந்தவர், முதுகு பிடித்து நிமிர முடியாதவர் என்று நாள்தோறும் பார்த்துப் பழகிய கை தனி. சாதாரண உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் வீரர்களின் உடம்பில் எது கோளாறு என்று பிடிபடும். இந்த ஓராண்டிலேயே அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் மைதானத்தில் இறங்க வேண்டாம்.

2. மசாஜ் என்ன செய்யும், என்ன செய்யாது

"மசாஜ் பண்ணினா லாக்டிக் ஆசிட் வெளியேறிடும்" என்று பயிற்சியாளர்கள் முதல் ஜிம் மாஸ்டர்கள் வரை சொல்வார்கள். நீங்கள் சொல்லாதீர்கள். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், முன்கைத் தசைகளுக்கு வேலை கொடுத்த பிறகு மசாஜ் செய்து பார்த்தார்கள். லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்பில் இருக்கும் வடிவம்) வெளியேறுவது கூடவில்லை, குறைந்தது. கை அழுத்தும்போது ரத்த ஓட்டமே தடைபட்டதுதான் காரணம். தவிர, லாக்டேட் தானாகவே ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வரும் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2020-ல் பிரிட்டனின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளை, மொத்தம் 1,012 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பலம், குதிக்கும் உயரம், ஓட்ட வேகம், தாங்குதிறன் எதிலும் மசாஜால் முன்னேற்றம் தென்படவில்லை. நெகிழ்வுத்தன்மை கொஞ்சம் கூடியது, பயிற்சிக்குப் பிந்தைய தசைவலி கொஞ்சம் குறைந்தது. இந்தச் சிறிய பலன்களை நேர்மையாகச் சொல்லிக் கொடுத்தாலே போதும். தொடர் போட்டிகளில் ஆடுகிறவருக்கு வலி கொஞ்சம் குறைவதும், நன்றாகத் தூங்குவதும், தன்னைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்ற உணர்வும் சின்ன விஷயங்கள் இல்லை. வேகம் கூடும், காயமே வராது என்று வாக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

3. கையைப் பழக்குவது

பாடத்திட்டத்தில் மசாஜ் உடற்பயிற்சி சிகிச்சைத் தாளோடு வந்து போயிருக்கும். செய்முறைத் தேர்வுக்குப் பிறகு பலர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். எனவே ஆரம்பத்திலிருந்து தொடங்குவதில் வெட்கமில்லை. தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வு என்று அடிப்படைகள் ஐந்துதான். வீரர்களிடம் முக்கால்வாசி வேலை முதல் இரண்டிலேயே முடிந்துவிடும்.

நண்பர்களைப் படுக்கவைத்து ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் நல்ல தொடக்கம். கண்ணை மூடிக்கொண்டு மேல் தசை எங்கே முடிகிறது, அதன் அடியில் இருக்கும் தட்டைத் தசை எங்கே தொடங்குகிறது, குதிகால் நாணாக எங்கே ஒடுங்குகிறது என்று விரலால் கண்டுபிடியுங்கள். முழங்காலை மடக்கினால் மேல் தசை தளர்ந்து கீழே இருப்பது கைக்கு வரும். நீட்டினால் ஒளிந்துகொள்ளும். புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த தசைத் தொடக்கமும் முடிவும் அப்போதுதான் கையில் ஏறும். அதன் பிறகு பின்தொடை, பிட்டம், முதுகு, தோள் என்று போகலாம்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். புதியவர்கள் எல்லாவற்றையும் கட்டைவிரலாலேயே செய்கிறார்கள், சில ஆண்டுகளில் அடிமூட்டு போய்விடுகிறது. மேசையின் உயரத்தைச் சரிசெய்வதுதான் முதல் மருந்து. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டிகள் மேசையைத் தொட வேண்டும். அழுத்தம் தோளிலிருந்து வரக்கூடாது. பின்காலை ஊன்றி உடம்பை முன்னால் சாய்த்தால் எடை தானாகக் கைக்கு இறங்கும். பெரிய தசைகளுக்கு முன்கையையும் முழங்கையையும் பயன்படுத்துங்கள். கட்டைவிரலைத் தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அழுத்துவதற்கு வேண்டாம். ஒரே நாளில் அணி முழுவதையும் பார்க்கச் சொல்வார்கள். முடியாது என்று சொல்ல ஆரம்பத்திலேயே பழகுங்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். போட்டிக்கு முன் என்றால் ஐந்து முதல் பதினைந்து நிமிடம், விறுவிறுப்பாக, மேலோட்டமாக. ஆழமாக அழுத்தித் தூங்கவைத்துவிட்டால் வீரர் மந்தமாக இறங்குவார். போட்டி முடிந்ததும் மென்மையாக, மெதுவாக. ஆழமான வேலைக்கு ஓய்வு நாளோ, போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்னரோ ஏற்றது. வீரருக்குப் பழக்கமில்லாத எதையும் இறுதிப்போட்டி அன்று முதன்முதலாகச் செய்து பார்க்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். எண்ணெய் தடவிய தோலில், மூட்டையும் தசையையும் தாங்கப் போடும் ஒட்டுப்பட்டையான டேப் ஒட்டாது. டேப் போட வேண்டிய வீரர் என்றால் முதலில் டேப், அல்லது எண்ணெய் இல்லாத மசாஜ், அல்லது முடித்ததும் ஸ்பிரிட்டால் சுத்தமாகத் துடைப்பது. கபடியில் உடம்பில் எண்ணெய் போன்ற வழுக்கும் பொருள் எதையும் தடவி இறங்க விதியே அனுமதிப்பதில்லை, மல்யுத்தத்திலும் அப்படித்தான். அங்கே துணிக்கு மேலேயே பிசைந்துவிடப் பழகுங்கள். பந்துவீச்சாளரின் உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

4. தொடக்கூடாத இடங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

கபடியிலும் கால்பந்திலும் எதிராளியின் முழங்கால் முன்தொடையில் இடித்து உள்ளே ரத்தம் கட்டிவிடும். கூட இருப்பவர்கள் உடனே "நல்லா தேய்ச்சு விடுங்க" என்பார்கள். தேய்த்தால் ரத்தக்கசிவு கூடும், சில வாரங்களில் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. அப்படி வளர்ந்துவிட்டால் முழங்கால் மடங்காமல் மாதக்கணக்கில் வெளியே உட்கார வேண்டியதுதான். வலி தாங்கும் அளவுக்கு முழங்காலை மடக்கிய நிலையில் கட்டி, ஐஸ் வைத்து, ஓய்வு கொடுப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. தசை கிழிந்த முதல் இரண்டு மூன்று நாளுக்கும் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது.

இளம் வேகப்பந்து வீச்சாளரின் முதுகுவலி இன்னொன்று. பதினாறு, பதினேழு வயது, இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பக்கம் மட்டும் வலி, பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம். ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளைந்தால் சுருக்கென்கிறது. இது முதுகெலும்பில் விழும் அழுத்த விரிசலாக இருக்கலாம். மசாஜ் செய்தால் சுற்றியுள்ள தசை தளர்ந்து அவருக்கு இதமாக இருக்கும். அந்த இதத்திலேயே மறுநாள் போய்ப் பத்து ஓவர் வீசுவார், விரிசல் பெரிதாகும். பந்துவீச்சை நிறுத்தி ஸ்கேனுக்கு அனுப்புவதுதான் நீங்கள் செய்யும் உதவி. ஓட்டக்காரரின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் துள்ளுகிறார் என்றாலும் இதே கதைதான்.

நீண்ட ரயில் அல்லது விமானப் பயணம் முடிந்து வந்தவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் கையை எடுத்துவிடுங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். மாரத்தான் முடித்தவருக்குத் தசை கடுமையாக வலித்து, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலும் மசாஜ் கூடாரத்தில் இடமில்லை, மருத்துவமனைக்குத்தான். முடிவுக்கோட்டில் தடுமாறி, பேச்சுக் குழறுகிறவருக்கு வெப்பத்தாக்கு இருக்கலாம். அங்கே நிமிடங்கள் முக்கியம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, முடிந்தால் ஐஸ் தண்ணீரில் அமர்த்தி முதலில் உடம்பைக் குளிர்வியுங்கள், அதன் பிறகே ஏற்றி அனுப்புங்கள். காய்ச்சல், திறந்த காயம், படர்தாமரை போன்ற தோல் தொற்று, இவையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்தவை. மல்யுத்த, கபடி முகாம்களில் படர்தாமரை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதாகப் பரவும், உங்கள் துண்டு வழியாகவும் பரவும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு.

5. ஒரு ஸ்ப்ரே செய்த வேலை

2024 மார்ச்சில் டென்னிஸ் வீரர் யானிக் சின்னரின் சிறுநீரில் க்ளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இரண்டு முறை தென்பட்டது. விசாரணையில் தெரிந்தது இது: அவருடைய பிசியோதெரபிஸ்ட் தன் விரலில் பட்ட வெட்டுக்காயத்துக்கு, இத்தாலியில் மருந்துக்கடையிலேயே கிடைக்கும் ஒரு ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டு, கையுறை இல்லாமல் வீரருக்கு மசாஜ் செய்திருக்கிறார். தோல் வழியாக மருந்து போய்விட்டது. இருந்தது மிகமிகச் சிறிய அளவுதான். வேண்டுமென்றே செய்யவில்லை என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு மேல்முறையீடு செய்ததால், 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடைக்குச் சின்னர் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த பிசியோவுக்கும் வேலை போனது.

உங்கள் கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள், அல்லது அன்று மசாஜ் செய்யாதீர்கள். வீரருக்குத் தடவும் களிம்பு, எண்ணெய், ஸ்ப்ரே எதிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படிக்காமல் திறக்காதீர்கள். பெயர் எழுதாத "மூலிகைத் தைலம்" எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போட்டி வீரருக்கு வேண்டாம். உலக அமைப்பின் அடெல் என்ற இணையதளத்தில் ஊக்கமருந்து தடுப்புப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். முடித்தால் சான்றிதழும் வரும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது கவனிக்கப்படும்.

6. சம்மதமும் மூன்றாம் நபரும்

மசாஜ் என்பது ஆடை குறைத்த உடம்பில் கை வைப்பது. எதற்காக, எங்கே, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி, சரி என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். தேவையான பகுதியை மட்டும் திறந்து மற்றதைத் துண்டால் மூடுங்கள். வீரர் பதினெட்டு வயதுக்குள் என்றால் பெற்றோரோ பெண் மேலாளரோ வேறு பொறுப்பாளரோ கூடவே இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். விடுதி அறையில் தனியாகச் சிகிச்சை என்ற பேச்சே வேண்டாம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில்தான் பல ஆண்டுகள் சிறுமிகளைச் சீரழித்தார், 2018-ல் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். புகார்கள் வந்தும் பொறுப்பில் இருந்தவர்கள் கண்டுகொள்ளாததால் அவ்வளவு காலம் நடந்தது.

மேசையில் படுத்திருக்கும் ஒரு சிறுமி தனக்கு நேர்ந்த எதையாவது உங்களிடம் சொல்லலாம். 2012-ன் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. அணியின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கடமை மாறாது.

7. எந்தப் படிப்பு?

வார இறுதி மசாஜ் பயிற்சி முதல் இரண்டு ஆண்டு எம்.பி.டி (பிசியோதெரபி முதுநிலைப் பட்டம்) விளையாட்டுப் பிரிவு வரை இருக்கிறது. குறும்பயிற்சியில் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் கையால் செய்வோம்? ஒரு மேசைக்கு எத்தனை பேர்? சொல்லிக்கொடுப்பவர் இப்போதும் ஏதாவது அணியோடு இருக்கிறாரா? கடைசியில் செய்முறைத் தேர்வு உண்டா? மழுப்பலான பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள். "சர்வதேச அங்கீகாரம்" என்று பெரிதாக அச்சடித்திருந்தால், எந்த நாட்டில் எந்த அமைப்பு அங்கீகரிக்கிறது என்று பெயரோடு கேளுங்கள்.

எம்.பி.டி செய்வதென்றால், விளையாட்டு வீரர்கள் உண்மையிலேயே சிகிச்சைக்கு வரும் இடத்தில் செய்யுங்கள். சென்னை போரூரில் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் விளையாட்டு அறிவியலுக்கென்றே தனி மையம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு விளையாட்டு பிசியோதெரபிக்கென டிப்ளமா நடத்துகிறது. கட்டணம் கூடுதல், அனுபவம் வந்தபின் யோசிக்கலாம். ஃபிஃபாவின் கால்பந்து மருத்துவ டிப்ளமாவை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். இன்றிரவே தொடங்கலாம்.

8. மைதானத்தில் கால் வைப்பது

முதல் வாய்ப்புகள் பெரும்பாலும் மாரத்தான்களில் கிடைக்கும். சென்னையிலும் கோவையிலும் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய ஓட்டங்களில் முடிவுக்கோட்டுக் கூடாரத்துக்குத் தன்னார்வ பிசியோக்கள் தேவைப்படுகிறார்கள். சில மணி நேரத்துக்குள் அத்தனை விதமான கெண்டைக்கால்களைக் கிளினிக்கில் பார்க்கவே முடியாது. அடுத்து முதலமைச்சர் கோப்பை போன்ற மாவட்டப் போட்டிகள், கல்லூரி அணிகள், ஊர்க் கபடிக் குழுக்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் பயிற்சி பெறும் பிள்ளைகளின் பயிற்சியாளர்களை நேரில் போய்ப் பாருங்கள். தொலைபேசியில் பேசுவதைவிடப் பயிற்சி நேரத்தில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு அறிமுகமாவது பலன் தரும்.

இலவசமாகச் செய்வதற்கு எல்லை வையுங்கள். கற்றுக்கொள்ளும்போது சரி. அதன் பிறகும் "சர்டிபிகேட் தர்றோம்" என்று மட்டும் சொல்லி அழைத்தால், நாள் கட்டணம், பயணம், தங்குமிடம், ஒரு நாளைக்கு எத்தனை வீரர்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

9. வேலைகள்

இந்திய விளையாட்டு ஆணையம் பிசியோதெரபிஸ்டுகளையும் மசாஜ் செய்பவர்களையும் தனித்தனியாக, பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கிறது. அறிவிப்புகள் அவர்கள் இணையதளத்தில் வரும். டி.என்.பி.எல், புரோ கபடி, ஐ.எஸ்.எல், ஐ.பி.எல் அணிகளிலும் இரண்டும் வேறு வேறு பதவிகளாக இருப்பதுண்டு. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். மசாஜ் செய்பவர் என்ற பெயரில் உள்ளே போனால், அதே அணியில் பிசியோவாக மாறுவது கடினம். உதவி பிசியோ என்று பதவிப் பெயரைப் போட்டு, அதற்குள் மசாஜ் வேலையையும் ஏற்றுக்கொள்வது நல்லது. தொடர் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிடும் என்பதால், மீதி மாதங்களுக்கு ஊரில் ஒரு கிளினிக்கோ ஓட்டக் குழுவோ கையில் இருக்கட்டும். என் கணிப்பில் நிலையான வருமானம் அந்த ஓட்டக் குழுக்களிடமும் பேட்மிண்டன் ஆடும் நடுத்தர வயதுக்காரர்களிடமும்தான் இருக்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கு: பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள எச்.சி.பி.சி என்ற சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு கட்டாயம். மசாஜுக்கு அப்படிச் சட்டப்படியான பதிவு இல்லை, ஆனால் விளையாட்டு மசாஜ் டிப்ளமாவும் காப்பீடும் கேட்பார்கள். உங்கள் விசா அந்த வேலையை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவில் ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மாகாணங்களில் மசாஜ் சிகிச்சையே தனிப் பதிவுள்ள தொழில், பிசியோ சான்றிதழைக் காட்டி மசாஜ் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. துபாயில் டி.எச்.ஏ (துபாய் சுகாதார ஆணையம்) உரிமம் வேண்டும்.

முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வையுங்கள். தேதி, விளையாட்டு, எந்தப் பகுதி, என்ன செய்தீர்கள், மறுநாள் எப்படி இருந்தது, யாரை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று எழுதுங்கள், வீரரின் பெயர் வேண்டாம். நேர்காணலில் ஒரு வீரரை மேசையில் படுக்கவைத்து "பாருங்கள்" என்று சொல்லிவிடுவதும் உண்டு. நகத்தை வெட்டிக்கொண்டு, மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கை வைப்பதற்கு முன் அவரிடம் கேள்வி கேளுங்கள்.